கிலோமீட்டர் குறைவு, வயசு அதிகம்: ஒரு பழைய ஆல்ட்டோவும் நானும்

2015-இல் நான் வாங்கியபோது அந்த மாருதி ஆல்ட்டோ 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. 2007 மாடல், எல்எக்ஸ்ஐ, டிஎன் 07 பதிவு, வெள்ளி நிறம். திருவான்மியூரில் ஓய்வுபெற்ற ஒருவர் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே ஓட்டிய வண்டி என்றார் புரோக்கர். அது பொய்யும் இல்லை. ஒரே ஓனர், சர்வீஸ் புத்தகம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. 1,35,000 ரூபாய்க்குப் பேசி முடித்துக் காரைக்குடிக்கு ஓட்டி வந்தோம். மறுநாள் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாயிடம் பெருமையாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடித்துக்கொண்டு கால்மணி நேரம் அடியில் கிடந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இஞ்சின் சின்னப் புள்ள மாதிரி இருக்கு டீச்சர். மத்ததெல்லாம் கெழடு. நீங்க கிலோமீட்டரப் பாத்து வாங்கிட்டீக, வருசத்தப் பாக்கல."

வாங்கியவரின் வாயை அடைக்க மெக்கானிக்குகள் வழக்கமாகச் சொல்வதுதான் என்று அப்போது நினைத்தேன். பத்து வருடம் கழித்து, இந்த வண்டிக்கு நான் செய்த செலவுகளை எழுதி வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டைப் புரட்டினால், அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. இரும்பு மாற்றிய செலவு சொற்பம். ஹோஸ், பெல்ட், பூட், புஷ், வாஷர், பீடிங் என்று ரப்பர் மாற்றிய செலவுதான் அதிகம். இரும்பு ஓடினால் தேயும்; நிழலில் சும்மா நின்றால் தேயாது. ரப்பர் ஓடினாலும் நின்றாலும் காய்ந்துகொண்டே இருக்கும். எட்டு வருடம் கொஞ்சமாக ஓடிய வண்டியின் ரப்பருக்கும் எட்டு வயதுதான்.

இது எனக்கு உறைத்த இடம் கீரனூர். 2016 மே, பள்ளி விடுமுறை. மாமியாரைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். திருமயம், புதுக்கோட்டை வரை ஒன்றுமில்லை. புதுக்கோட்டை தாண்டியதும் வெப்பநிலை முள் பாதியைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கியது. ஏசியை நிறுத்தினேன். முள் இன்னும் ஏறியது. "நிறுத்திப் பாரேம்மா" என்றார் அத்தை. அந்த வெயிலில், வயதானவரை வைத்துக்கொண்டு, நிழலே இல்லாத ரோட்டில் எப்படி நிறுத்துவது? கீரனூர் வந்துவிடும், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் முள் சட்டென்று கீழே இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா அத்தை, தானா சரியாயிடுச்சு."

சரியாகவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிளிப் ஓரத்தில் வெடித்து, தண்ணீர் முழுவதும் போய்விட்டது. வெப்பத்தை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீரே இல்லாதபோது அது எதை அளக்கும்? முள் இறங்கியதற்கு அதுதான் காரணம். முள் ஏறினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறிய முள் காரணமில்லாமல் விழுந்தால் அது அதைவிடப் பெரிய ஆபத்து என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கீரனூர் எல்லையில் இஞ்சின் தட்டத் தொடங்கி, பிக்கப் செத்து, நின்றே போனது. இஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போயிருந்தது. ஹெட்டை இறக்கி, ஃபேஸிங் போட்டு (வளைந்ததைச் செதுக்கிச் சமமாக்கி), வண்டியைக் கட்டி இழுத்து வந்த கூலியோடு சேர்த்து 14,600 ரூபாய். அந்த ஹோஸின் விலை 280 ரூபாய்.

அதைவிடக் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. அதற்கு மூன்று மாதம் முன்புதான் வேறு ஒரு பட்டறையில் சர்வீஸ் விட்டிருந்தேன். அங்கே கூலண்டைக் கழற்றிவிட்டு போர்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். ரேடியேட்டரைத் திறந்தபோது செம்மண் கரைத்த மாதிரி இருந்தது. எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் காய்ச்சிய பாத்திரத்தில் படியும் உப்பைப் பார்த்தவர்களுக்கு, அது இஞ்சினுக்குள் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூலண்ட் என்பது பச்சை நிறத் தண்ணீர் அல்ல. துருவைத் தடுக்கும்; கொதிநிலையையும் உயர்த்தும். இப்போது பேட்டரி கடையில் விற்கும் சுத்தத் தண்ணீரில் கலந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நானே நின்று மாற்றுகிறேன். வாரம் ஒருநாள் காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் டப்பாவில் அளவைப் பார்க்கிறேன். அளவு குறைந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது. எங்கே போனது என்று தேட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. பாயின் இடது முழங்கையில் அதற்கான தழும்பு இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

கீரனூருக்குப் பிறகு பாய் சொன்னதைக் கேட்கும் புத்தி வந்தது. இஞ்சின் பாகங்களைத் தாளம் தப்பாமல் சேர்ந்து சுழலவைக்கும் டைமிங் பெல்ட்டை, வாங்கிய புதிதிலேயே மாற்றச் சொன்னவர் அவர். ஒரு லட்சம் கிலோமீட்டருக்குத்தானே மாற்றுவார்கள், 38,000-க்கு எதற்கு என்று வாதம் செய்து தள்ளிப்போட்டவள் நான். 2017-இல் 52,000-இல் மாற்றினோம். கழற்றிய பெல்ட்டைத் திருப்பி மடக்கிக் காட்டினார். பல் ஒவ்வொன்றின் அடியிலும் மயிரிழையாக வெடிப்பு. இது அறுந்தால் இஞ்சின் ஓட்டத்திலேயே நின்றுவிடும். லாரி பின்னால் வரும்போது நடுரோட்டில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பழைய வண்டி வாங்குபவர்கள், டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் மாதமே மாற்றிவிடுங்கள். ஃபேன் பெல்ட்டையும் அதே கையோடு மாற்றிவிடலாம். எப்படியும் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கூலி மிச்சம்.

டயர் கதையும் இதே கதைதான். என் வண்டிக்கு 145/80 ஆர்12. வாங்கும்போது பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகள், நன்றாக இருந்தது. காசை வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உள்ளே போகும். ஆனால் டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். என் டயரில் 1107 என்று இருந்தது. 2007-ஆம் ஆண்டின் பதினொன்றாவது வாரம். வண்டியோடு வந்த டயர்! விரலால் அழுத்தினால் பக்கச் சுவரில் கோடு கோடாக வெடிப்பு தெரிந்தது. ஸ்டெப்னியும் அதே வயது. ஐந்தையும் மாற்றினேன். அகல டயர் போட்டால் பிடிப்பு வரும் என்று கடைக்காரர் ஆசை காட்டினார். இந்தச் சின்ன இஞ்சினுக்கு அது சுமை, ஸ்டியரிங்கும் கனக்கும். காற்று அளவை மட்டும் பங்க்காரர் சொல்வதை விட்டுவிட்டு, வண்டியிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து அடிக்கிறேன்.

கீழே இருக்கும் ரப்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலில், ஜாயிண்ட்டை மூடித் துருத்தி மாதிரி ஒரு ரப்பர் பூட் இருக்கும். அது கிழிந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே தெறித்து, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் பூட்டோடு போக வேண்டியது ஜாயிண்ட்டோடு போய்விட்டது என்று அர்த்தம். பூட் சில நூறு ரூபாய், ஜாயிண்ட் சில ஆயிரம். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போனால் ஸ்பீட் பிரேக்கரில் 'கடக்' என்னும். அந்தச் சத்தத்துக்கு ஒரு கடையில் ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். பாய் இரண்டு புஷ் மாற்றினார், சத்தம் போய்விட்டது. ஒரு சத்தத்துக்கு இரண்டு பேரிடம் கேட்பது அதன் பிறகு என் வழக்கம். பாய்க்கு அதில் வருத்தமே இல்லை. "காட்டுங்க டீச்சர், நான் தப்பாவும் சொல்வேன்ல" என்பார்.

திருவான்மியூர் வண்டி என்றேன் அல்லவா? கடற்கரைக் காற்று. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்க, டிரைவர் சீட்டுக்குக் கீழே கால்மிதி மேட்டைத் தூக்கினால் தரை துருப்பிடித்து அப்பளம் மாதிரி இருந்தது. வாங்கும்போது நான் மேட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. இனி வாங்குபவர்கள் மேட்டைத் தூக்குங்கள், ஸ்டெப்னி குழியைப் பாருங்கள், பேட்டரிக்குக் கீழே பாருங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது.

டிங்கரிங் செய்பவர்களில் இரண்டு ரகம். துருவின் மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துத் தருபவர்கள் முதல் ரகம். அது ஒரு மழைக்காலம் தாங்கும். துருப்பிடித்ததை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்பவர்கள் இரண்டாவது ரகம். நான் முதலில் முதல் ரகத்திடம் 4,000 கொடுத்தேன். பிறகு இரண்டாவது ரகத்திடம் 11,000 கொடுத்தேன். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றதால் இன்னொன்றும் தெரிந்தது: கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை தூசியால் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். ஒரு ஈர்க்குச்சி போதும், வருடத்துக்கு இரண்டு தடவை குத்திவிட. வேப்பமர நிழலில் நிறுத்துபவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையையும் பார்க்க வேண்டும். எங்கள் வேம்பு உதிர்த்த இலையும் பூவும் அங்கே மக்கி, 2018 ஐப்பசி மழையில் தண்ணீர் நேராக உள்ளே இறங்கி என் மகளின் கணக்கு நோட்டை நனைத்தது. அவளுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

எலியைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. ஒருநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. ஆட்டோ மாதிரி உதறுகிறது. ஒயரைக் கடித்திருந்தது. புகையிலையைக் கட்டிப் போடுங்கள் என்றார்கள். போட்டேன். வண்டிக்குள் உட்காருபவர்களுக்குத்தான் தலை சுற்றியது, எலி அதன் மேலேயே கூடு கட்டியது. கடையில் விற்கும் ஸ்பிரே ஒரு வாரம் நன்றாக வேலை செய்தது. கடைசியில் பலன் தந்தது கொட்டகையில் இருந்த கோழித் தீவன மூட்டையை வேறு இடத்துக்கு மாற்றியதும், இரவில் பானட்டைத் திறந்து வைத்ததும்தான். இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் அது குடித்தனம் வைப்பதில்லை.

2020 ஊரடங்கு வந்தபோது வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினேன். இரண்டரை மாதம் தொடவில்லை. எடுக்கப் போனால் பேட்டரி செத்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். தள்ளிப் பார்த்தால் பின்சக்கரம் இரண்டும் சுற்றவில்லை. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாய் முகக்கவசத்தோடு வந்து சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றினார். உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷரும் கசிந்திருந்தது. மறுபடியும் ரப்பர்! நீண்ட நாள் நிறுத்துவதென்றால் ஹேண்ட் பிரேக் வேண்டாம். சமதரையில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

பெட்ரோல் வாசனை வந்தது போன வருடம். காலையில் கொட்டகைக்குள் போனாலே மூக்கில் ஏறியது. டாங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பரும் சீல்களும் இதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் ஹோஸ் போனதற்கு எத்தனால்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பதினெட்டு வயது ஹோஸ் அது, வெறும் பெட்ரோலிலும் போயிருக்கும். எரிபொருளுக்கு ஏற்ற நல்ல ஹோஸ் வாங்கிப் போட்டு, கிளிப்புகளையும் மாற்றிவிட்டோம். மைலேஜ் கொஞ்சம் குறைந்தது உண்மை. லிட்டருக்கு 17 கொடுத்தது இப்போது 16-ஐத் தொட்டு நிற்கிறது. அளவுக்கு அளவு பார்த்தால் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதால் டாங்கைக் காலியாக வைத்து வாரக்கணக்கில் நிறுத்துவதில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைப்பது இந்த வண்டியின் பெரிய வசதி. 2000-இல் வந்த அந்த உருவம் 2012 வரை விற்றது. வருடக்கணக்கில் நாட்டிலேயே அதிகம் விற்ற காராகவும் இருந்தது. அதனால் காரைக்குடியிலேயே முக்கால்வாசி கிடைத்துவிடும். கிடைக்காததற்குச் சென்னை போகும்போது, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. அங்கே போவதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: உடைந்தால் உயிர் போகாத பொருள் எதுவும் அங்கே வாங்கலாம். கதவுக் கைப்பிடி, சைடு மிரர், டேஷ்போர்டு மூடி, கண்ணாடி, டெயில் லேம்ப். பிரேக், பெல்ட், டயர், ரப்பர் எதையும் பழையதாக வாங்குவதில்லை. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பெயர் சொல்லிக் கேட்டால் மூன்று விதமாக எடுத்துக் காட்டுவார்கள்.

காகித விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகக் காரின் பதிவுச் சான்றிதழ் (ஆர்சி) 15 வருடத்துக்குத்தான். என்னுடையது 2022 மே மாதம் முடிந்தது. முடிவதற்கு அறுபது நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். மார்ச் கடைசியில் போயிருந்தால் கட்டணம் 600 ரூபாய். பொதுத்தேர்வு வேலை, விடைத்தாள் என்று சொல்லி மே மாதம் போனேன். ஏப்ரல் 1 முதல் அது 5,000 ஆகியிருந்தது. அதற்கு மேல் பசுமை வரி. வண்டியை ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். விளக்கு, ஹாரன், பிரேக், சேஸிஸ் எண் எல்லாம் பார்ப்பார்கள். சேஸிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் அலைய வேண்டியிருக்கும் என்பதால், முதல்நாளே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்திருந்தேன். புதுப்பித்தால் ஐந்து வருடம். அடுத்தது 2027. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 வயது தாண்டிய காருக்கு 10,000. தாமதமானால் மாதத்துக்கு 500 கூடிக்கொண்டே போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புகைச் சான்றிதழ் இந்த வயது வண்டிக்கு ஆறு மாதம்தான் செல்லும். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு மட்டும் எடுக்கிறேன். 1000 சிசிக்குள் அடிப்படைக் கட்டணம் 2,094 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. வண்டியின் மதிப்பே எழுபதாயிரத்துக்குள் என்றான பிறகு முழுக் காப்புக்குக் கட்டுவதில் அர்த்தம் தெரியவில்லை. ஓனருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பை மட்டும் விடுவதில்லை.

இத்தனை சொன்ன பிறகு, ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். நோட்டில் கூட்டினால் பத்து வருடத்தில் பெட்ரோலும் இன்சூரன்ஸும் நீங்கலாக 1,78,000 ரூபாய். மாதம் 1,500. என் சக ஆசிரியை புதுக் காருக்கு மாதம் கட்டும் தவணை பதினோராயிரம். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. என் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. தகடு மெலிசு. அதனால் எண்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை, இரவில் நான்குவழிச் சாலைக்குப் போவதில்லை, பின்சீட்டிலும் பெல்ட் போடாமல் கிளப்புவதில்லை. மதுரை, ராமேஸ்வரம் என்றால் பகலில் போய்வருகிறோம். தூரப் பயணத்துக்குப் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. தினமும் நெடுஞ்சாலையில் போக வேண்டியவர்களுக்கு இந்த மாதிரி வண்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்ற வெறியும் முதல் மூன்று வருடத்தோடு போனது. டேஷ்போர்டு கடிகாரம் 2019-இலிருந்து ஓடவில்லை. வலது பின்கதவில் ஒரு பசு கொம்பால் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. ஏசி காற்று வரும் மூடியை மூடினால் கிளிக்கென்று ஒரு சத்தம். நிறுத்தவும் திருப்பவும் பார்க்கவும் உதவுகிறவற்றில் ஒரு பைசா குறைக்கக் கூடாது. அழகில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம்.

கணக்கு நோட்டு நனைந்த மகள் இப்போது கல்லூரியில். போன மாதம் எல்எல்ஆர் எடுத்து, இதே வண்டியில்தான் பழகுகிறாள். கிளட்ச்சை அவள் விடுகிற விதத்துக்குக் கேபிள் இந்த வருடம் தாங்காது என்று நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். நேற்று பாய் போன் செய்தார். நான்கு கதவுக்கும் சொல்லிவைத்த ரப்பர் பீடிங் வந்துவிட்டதாம். "சனிக்கிழம காலைல விட்ருங்க டீச்சர், மழைக்கு முன்னாடி ஒட்டிருவோம்" என்றார். வானம் இப்போதே கறுத்துக்கொண்டு வருகிறது.